சிவப்பு போன கதை

செம்பனை எண்ணெய் சிவப்பு. பேரிலேயே இருக்கிறது. பழத்தைப் பிழிந்தால் தக்காளிக் குழம்பு மாதிரி அடர்ந்த ஆரஞ்சுச் சிவப்பில்தான் வரும். ஆனால் இங்கே ஜொகூரில் மளிகைக்கடையில் ஒரு கிலோ பொட்டலமாக இரண்டரை வெள்ளிக்கு விற்கும் மானிய எண்ணெய் வெளிர் மஞ்சள். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்கும் பாமாயிலும் அதே மஞ்சள். நடுவில் அந்தச் சிவப்பு எங்கே போயிற்று?

எனக்குச் சம்பளம் வருவதே இந்தக் கேள்வியால்தான். பாசிர் கூடாங்கில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் பொறியாளராக இருக்கிறேன். என் வேலையை ஒரு வரியில் சொன்னால், எண்ணெயிலிருந்து சிவப்பையும் வாடையையும் எடுப்பது. அதை எப்படி எடுப்பது என்று பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். எதற்கு எடுக்க வேண்டும், யார் முதலில் எடுக்கச் சொன்னார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்ததை எப்போது இந்தப் பக்கம் எடுக்க ஆரம்பித்தார்கள் என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை. அதெல்லாம் வரலாறாம்.

நம் மொழியில் எண்ணெய் என்றாலே எள் நெய்தான். செக்கில் ஆட்டி, தெளியவைத்து, துணியில் வடிகட்டினால் முடிந்தது. நல்லெண்ணெய்க்கு எள் வாசம் இருக்க வேண்டும், தேங்காயெண்ணெய்க்குத் தேங்காய் வாசம் இருக்க வேண்டும். வாசம் இல்லையென்றால் கலப்படம் என்று சந்தேகப்படுகிற சனம் நாம். எண்ணெயின் குணத்தையே எடுத்துவிட்டு அதைச் சுத்தம் என்று சொல்வது நமக்குப் புதுசு. அதனால்தான் இன்றைக்கும் கடையில் ‘சுத்திகரித்த எண்ணெய்’ என்று யாரும் கேட்பதில்லை. ‘ரீஃபைண்ட் ஆயில்’ என்றுதான் கேட்கிறோம். பூமிக்கடியிலிருந்து வந்ததற்கு மண்ணெண்ணெய் என்று பெயர் வைத்து அதையும் எள்ளோடு சேர்த்துவிட்ட மொழி, இதற்கு மட்டும் கடன் வாங்கிக்கொண்டது.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். அங்கே அந்தச் சிவப்பு எண்ணெய் பல ஆயிரம் ஆண்டுகளாக உணவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பீப்பாய் பீப்பாயாக லிவர்பூலுக்குப் போனபோது யாரும் அதைச் சாப்பிடவில்லை. சோப்பு காய்ச்சினார்கள், மெழுகுவத்தி ஊற்றினார்கள், ரயில் அச்சுக்குத் தடவினார்கள். வேல்ஸில் இரும்புத் தகட்டுக்கு ஈயம் பூசுகிற ஆலைகளில் அதற்குப் பெரிய தேவை இருந்தது. எண்ணெய் கெட்டுப் புளித்திருந்தாலும் இந்த வேலைகளுக்குப் பாதகமில்லை.

சாப்பாட்டுக்குள் அது நுழைய இரண்டு காரியங்கள் நடக்க வேண்டியிருந்தது. ஒன்று, 1869-இல் பிரான்சில் பிறந்த மார்கரின். வெண்ணெய்க்கு மலிவான மாற்று தேடிய ஐரோப்பிய நகரங்களுக்கு எந்தக் கொழுப்பாக இருந்தாலும் சரி என்ற நிலை வந்தது. இரண்டாவது, வாடை போக்கும் தொழில்நுட்பம். 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் டேவிட் வெஸ்ஸன் என்ற வேதியியலாளர், பருத்திவிதை எண்ணெயை வெற்றிடத்தில் சூடாக்கி அதற்குள் நீராவியை விட்டு நாற்றத்தைக் கழற்றிக் காட்டினார். அது வந்தபிறகு எண்ணெய்க்கு ஊர், பேர் தேவைப்படவில்லை. எந்த விதை மலிவோ அதை வாங்கலாம், எதோடும் கலக்கலாம். முகமில்லாத எண்ணெய்தான் தொழிற்சாலைக்கு வசதி. சிவப்பு போனதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்தச் சிவப்பு உடம்புக்குக் கெடுதல் என்று யாரும் சொல்லவில்லை. அது எண்ணெயைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

இனி நம்ம ஊருக்கு வரலாம். மலாயாவில் செம்பனையை வணிகத்துக்காக முதலில் நட்டது சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில், 1917-இல். நட்டவர் ஆங்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலேசியாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் கொன்கூர் பரிசு வாங்கிய அதே ஆள். 1920களில் கத்ரி நிறுவனமும் சொக்ஃபினும் ஜொகூரில் காடழித்து நட்டன. குளுவாங், லாயாங் லாயாங், லாபிஸ், கூலாய் என்று ரயில் பாதையை ஒட்டியே தோட்டங்கள் விரிந்தன. ஜொகூர் வழியாக ரயில் 1909-இலேயே வந்துவிட்டது. 1924-இல் கடற்பாலமும் திறந்தாயிற்று. எண்ணெய் ரயிலேறி சிங்கப்பூர்த் தொட்டிகளுக்குப் போகும், அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். செம்பனைக்கு இரண்டு ஆலை உண்டு. தோட்டத்து ஆலையில் குலையை அவித்து, பழத்தை உதிர்த்து, பிழிவார்கள். இதில் கிடைப்பது கச்சா எண்ணெய், சிவப்பு எண்ணெய். இந்த ஆலை தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். குலையை வெட்டினவுடன் பழத்துக்குள் இருக்கும் நொதி கொழுப்பை உடைக்க ஆரம்பித்துவிடும். பழம் அடிபட்டால் இன்னும் வேகமாக உடைக்கும். ஒரு நாளுக்குள் குலையை நீராவியில் அவித்து அந்த நொதியைக் கொல்ல வேண்டும். சுத்திகரிப்பு ஆலைக்கு அந்த அவசரம் கிடையாது. கச்சா எண்ணெய் மாதக்கணக்கில் கப்பலில் போகும். வெள்ளைக்காரன் முதல் ஆலையை லாபிஸில் வைத்துவிட்டு இரண்டாவதை ஐரோப்பாவில் வைத்துக்கொண்டதற்கு இந்த வேதியியல் ரொம்ப வசதியாக இருந்தது.

முதல் ஆலையின் ஆட்கள் நம் ஆட்கள். உளி மாதிரியான கருவியால் குலை வெட்டியவர்கள், உதிரிப் பழம் பொறுக்கிய பெண்கள், அவிக்கும் கொதிகலனுக்குள் கூண்டு வண்டி தள்ளியவர்கள். எங்கள் பாட்டி லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். “அந்த எண்ண கையில பட்டா மஞ்ச தேச்ச மாதிரி இருக்கும்டா, சோப்பு போட்டாலும் போகாது. ஆனா கறிக்கு ஊத்துனா ஒரு வாட அடிக்கும், யாரும் வாங்கமாட்டோம்” என்பார். அவர் வீட்டில் சமைத்தது தேங்காயெண்ணெயில். செம்பனை எண்ணெய் அவருக்கு வேலையாக இருந்தது, சாப்பாடாக இல்லை.

அவர் பார்த்த இன்னொரு வேலை, பெண் பூவுக்கு மகரந்தம் அடிப்பது. மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து ஒவ்வொரு பூவாக ஊத வேண்டும். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு வகை வண்டைக் கொண்டுவந்து குளுவாங் பக்கம் முதலில் விட்டார்கள். அதோடு அந்த வேலை ஒழிந்தது. வண்டு வந்த பிறகு பழமும் கொட்டையும் கூடிப்போய் ஆலைகளில் இயந்திரத்தைக் கூட்ட வேண்டியிருந்ததாக எங்கள் துறைப் புத்தகங்கள் பெருமையாக எழுதுகின்றன. பவுடர் அடித்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று அவை எழுதுவதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு ரப்பர் விலை ஆட்டம் காட்ட, அரசாங்கம் செம்பனைப் பக்கம் திரும்பியது. பெல்டாவின் முதல் செம்பனைத் திட்டம் 1961-இல் ஜொகூரிலேயே, கூலாய் அருகே தாயிப் அண்டாக்கில் தொடங்கியது. 1966-இல் மலேசியா நைஜீரியாவைத் தாண்டி உலகத்தின் முதல் செம்பனை எண்ணெய் ஏற்றுமதி நாடானது. இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வரும். அப்போதும் போனது பெரும்பாலும் சிவப்பு எண்ணெய்தான் என்பதை அங்கே அழுத்திச் சொல்லமாட்டார்கள். நாடு சுதந்திரமானது, கொடி மாறியது, எண்ணெய் மட்டும் அதே நிறத்தில் கப்பலேறிக்கொண்டிருந்தது.

மாற்றம் வந்தது 1970களின் நடுவில். அதை மாற்றியது எந்தக் கண்டுபிடிப்பும் இல்லை, ஒரு வரி அட்டவணை. கச்சா எண்ணெயாக ஏற்றுமதி செய்தால் விலை ஏற ஏற வரியும் ஏறும். சுத்திகரித்து அனுப்பினால் எவ்வளவு பதப்படுத்தினாயோ அதற்கேற்ற சலுகை உண்டு. இந்த ஒரு வித்தியாசத்தில் சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் உள்நாட்டில் மலிவாகக் கிடைத்தது. ஐரோப்பா இதற்கு நேர்மாறாக வைத்திருந்தது. கச்சாவுக்குக் குறைந்த இறக்குமதி வரி, சுத்திகரித்ததற்குக் கூடிய வரி. தன் ஆலைகளுக்கு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘சுத்திகரித்த எண்ணெய் நீண்ட கப்பல் பயணத்தில் கெட்டுப்போகும், எப்படியும் நாங்கள் இன்னொரு தடவை சுத்தம் செய்யத்தான் வேண்டும்’ என்பது அங்கிருந்து வந்த வாதம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. கச்சா எண்ணெயில் இருக்கும் சில பொருட்கள் அதைக் காக்கும், தோலோடு இருக்கும் பழம் மாதிரி. 1979-இல் தொடங்கிய போரிம் ஆராய்ச்சிக் கழகத்தின் வேலைகளில் பாதி, தரமான எண்ணெய் கப்பலில் தாங்கும் என்று வாங்குகிறவனை நம்பவைப்பதுதான் என்று சொன்னால் ரொம்பத் தப்பில்லை.

பாசிர் கூடாங் இந்த வரி அட்டவணையின் பிள்ளை. ஜொகூர் துறைமுகம் 1977-இல் இங்கே இயங்க ஆரம்பித்தது. அதே 1977-இல் இங்கே தொடங்கப்பட்ட பான் செஞ்சுரி ஒரு இந்திய நிறுவனம், பிர்லா குழுமத்தினுடையது. சொந்த நாட்டில் ஆலையைப் பெரிதாக்கக்கூட லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்த காலத்தில் ஆதித்ய விக்ரம் பிர்லா தென்கிழக்காசியாவில் ஆலைகள் கட்டினார். ஒரே இடத்தில் இருக்கும் செம்பனைச் சுத்திகரிப்பு ஆலைகளில் உலகத்திலேயே பெரியது என்று பின்னாளில் அதைச் சொன்னார்கள். 2006-இல் அதை ஐஓஐ வாங்கியது. பத்து வருஷத்துக்குள் மலேசிய ஏற்றுமதியின் பெரும்பகுதி சுத்திகரித்த எண்ணெயாக மாறிவிட்டது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? சிவப்பு எண்ணெயில் மூன்றிலிருந்து ஐந்து சதவிகிதம் வரை உடைந்த கொழுப்பமிலம் இருக்கும். பழைய முறையில் காஸ்டிக் சோடா போட்டு அதைச் சோப்பாக்கிப் பிரிப்பார்கள். சோயாவில் இது குறைவு, அதனால் சோடா சரிப்படும். செம்பனைக்குச் சோடா போட்டால் சோப்போடு நல்ல எண்ணெயும் சேர்ந்து போகும். அந்தச் சோப்புக் குழம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு தலைவலி. மலேசிய ஆலைகள் சோடாவை விட்டுவிட்டு நீராவி வழியைப் பிடித்தன. முதலில் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம், பசைப் பொருளைத் திரட்ட. பிறகு நூறு டிகிரி சுமாரில் வெளுப்பு மண். அது நிறத்தில் ஒரு பகுதியையும் உலோகத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கடைசியாக வெற்றிடத்தில் 240 முதல் 260 டிகிரி வரை சூடாக்கி நீராவியை ஊட்டினால் கொழுப்பமிலம் ஆவியாகி மேலே போய்விடும், வாடையும் போய்விடும், மிச்சமிருக்கும் கரோட்டின் அந்தச் சூட்டில் சிதைந்துவிடும். எடுக்கவேண்டிய மூன்றும் ஒரே கோபுரத்தில் முடிகிறது. இந்தத் தேர்வு சரியானது என்றுதான் ஒரு பொறியாளராக இன்றைக்கும் சொல்வேன். சோடாவும் கழிவும் குறைவு, கிடைக்கும் எண்ணெய் அதிகம்.

பெங்கெராங்கில் பெட்ரோனாசும் சவுதி அராம்கோவும் சேர்ந்து நடத்தும் பெட்ரோலிய ஆலையில் வேலை செய்யும் நண்பனிடம் இதைச் சொன்னால், “நாங்களும் அதையேதான்டா செய்யுறோம், நாளைக்கு மூணு லட்சம் பீப்பாய்” என்று சிரிப்பான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் கோபுரம், இரண்டும் வெற்றிடம். வேலை மட்டும் தலைகீழ். கச்சா பெட்ரோலியத்தைச் சூடாக்கினால் வேண்டிய பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டீசலும் ஆவியாகி மேலே ஏறும், தார் அடியில் தங்கும். செம்பனையில் வேண்டாதது மேலே போகும், வேண்டியது அடியில் தங்கும். பெட்ரோலியத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பேரும் விலையும் உண்டு. எங்கள் கோபுரத்தின் உச்சியில் வடியும் கொழுப்பமிலத்துக்கும் இப்போது நல்ல விலைதான், சோப்புக்காரர்களும் எரிபொருள்காரர்களும் போட்டி போட்டு வாங்குகிறார்கள். சிவப்புக்கு மட்டும்தான் விலையே இல்லை, அது எரிந்துபோகிறது.

அந்தச் சிவப்பு கரோட்டின். கச்சா எண்ணெயில் பத்து லட்சத்தில் 500 முதல் 700 பங்கு வரை இருக்கும். உடம்பு அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும். வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளுக்குக் கண் போவதைத் தடுக்க இந்திய அரசு 1970-இல் ஒரு தேசியத் திட்டம் ஆரம்பித்தது. வாயில் சொட்டு மருந்தாக ஊற்றினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இந்தியா கப்பல் கப்பலாகச் செம்பனை எண்ணெய் வாங்க ஆரம்பித்திருந்தது. வாங்கியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் வெளுத்த எண்ணெய்தான் நல்ல எண்ணெய்.

இந்தியாவுக்காக இன்னொரு படியும் வேண்டியிருந்தது. செம்பனை எண்ணெய் நம் ஊர்ச் சூட்டிலேயே பாதி உறையும். மெதுவாகக் குளிரவைத்து, உறைந்த ஸ்டியரினை வடிகட்டினால் முக்கால் பங்குக்கு மேல் திரவமான ஒலெயின் கிடைக்கும். அதுதான் பாமாயில். தமிழ்நாட்டில் 2007-இல் வந்த சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பருப்போடு பாமாயிலும் ரேஷனில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களின் தோட்டத்து எண்ணெய், நிறம் போய், அதே கடல் வழியாக அவர்களின் ஊருக்கே திரும்பிப் போயிருக்கிறது.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். நிலம் கையில் இருந்தால் யாரும் விரட்ட முடியாது என்ற கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த பதினைந்து வருஷத்தில் லாபம் மண்ணை விட்டுக் கோபுரத்துக்கும் துறைமுகத் தொட்டிக்கும் நகர்ந்துகொண்டிருந்தது. சுத்திகரிப்பு ஆலை கட்ட வேண்டிய முதல் பத்து வெள்ளிகளில் அடங்குவதில்லை. பெல்டா நிலத்திட்டங்களிலும் இந்தியர்கள் மிகக் குறைவு. பிறகு தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாற, லயத்திலிருந்து கிளம்பியவர்களில் பலர் பாசிர் கூடாங், மாசாய் அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆலைக்குள் அவர்கள் வந்தது பெரும்பாலும் பாதுகாவலராகவும் லாரி ஓட்டுநராகவும் தொட்டி கழுவும் குத்தகைத் தொழிலாளராகவும். என்னை மாதிரிப் பட்டம் வாங்கி உள்ளே போனவர்கள் ஒரு தலைமுறை கழித்து வந்தவர்கள்.

ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து ஆலைகளின் கழிவுநீர் ஒரு காலத்தில் ஆற்றை அப்படியே கறுப்பாக்கிக் கொன்றது. அந்த ஆற்றில்தான் லயத்து மக்கள் குளித்தார்கள். 1977-இல் வந்த விதிமுறை, கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 5,000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று ஆரம்பித்து, 1984-க்குள் அதை நூறாக இறக்கியது. படிப்படியாக இறக்கியதால் ஆலைகளுக்குத் தப்பிக்க வழியும் இல்லை, மூடிவிடுவேன் என்று மிரட்டவும் முடியவில்லை. குளம் வெட்டி, நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவைத் தின்னவைத்தார்கள். இந்த நாட்டுத் தொழில்துறைச் சட்டங்களில் நான் மதிக்கும் மிகச் சிலவற்றில் இது ஒன்று.

சூட்டுக்கும் ஒரு விலை இருந்தது, அது தாமதமாகத்தான் தெரிந்தது. 200 டிகிரிக்கு மேல் போகும்போது எண்ணெயில் கிளைசிடைல் எஸ்டர், 3-எம்சிபிடி எஸ்டர் என்ற பொருட்கள் உருவாகின்றன. மற்ற எண்ணெய்களிலும் உண்டு, செம்பனையில் கூடுதல். 2016-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவற்றைப் பற்றி எச்சரித்தது. 2018-இல் வரம்புகள் வர ஆரம்பித்தன. இதைச் சரிசெய்ய எங்களுக்கு இருக்கும் வழிகள் என்ன? கோபுரத்தின் சூட்டைக் குறைக்கலாம். ஆனால் கொழுப்பமிலம் அதிகமிருந்தால் குறைக்க முடியாது. கொழுப்பமிலம் குறைய வேண்டுமென்றால் பழம் அடிபடாமல், தாமதமாகாமல் ஆலைக்கு வர வேண்டும். குளோரின் வராமல் இருக்கக் கச்சா எண்ணெயைத் தோட்டத்து ஆலையிலேயே தண்ணீரில் கழுவ வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கோபுரத்தின் தரம் கடைசியில் குலை வெட்டுகிறவனின் கையிலும் லாரி கிளம்பும் நேரத்திலும் போய் நிற்கிறது. இன்று வெட்டுகிறவர் பெரும்பாலும் லொம்போக்கிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். அவர் வெட்டும் குலைக்கும் என் திரையில் ஓடும் எண்களுக்கும் உள்ள சொந்தம் எந்தச் சம்பளப் பட்டியலிலும் தெரியாது.

நாம் பிடித்த அதே ஆயுதத்தை மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். 2011-இல் இந்தோனேசியா தன் ஏற்றுமதி வரியை மாற்றி, சுத்திகரித்த எண்ணெய்க்குப் பெரிய சலுகை கொடுத்தது. மலேசிய ஆலைகள் திணறின. 2020 ஜனவரியில் இந்தியா, சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. காஷ்மீரைப் பற்றி மகாதீர் பேசியதற்குப் பதிலடி என்று பேப்பர்கள் எழுதின. அது பாதிக் கதை. இந்தியச் சுத்திகரிப்பாளர்கள் ரொம்ப நாளாகவே கேட்டது, கச்சாவை அனுப்பு, சிவப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்பதைத்தான். லிவர்பூல் சொன்னதைத்தான் நாற்பது ஐம்பது வருஷம் கழித்துக் குஜராத்தின் துறைமுகங்கள் சொல்கின்றன. கோபமாக வருகிறது, ஆனால் நியாயம் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. பாசிர் கூடாங் 1977-இல் கேட்டதும் அதுதானே.

சிவப்பை எடுக்காமலே சுத்தம் செய்ய முடியாதா என்றால், முடியும். போரிம் உருவாக்கிய முறையில், மிகமிக ஆழ்ந்த வெற்றிடத்தில், 170 டிகிரிக்குள்ளேயே கொழுப்பமிலத்தையும் வாடையையும் கழற்றிவிடலாம். கரோட்டினில் பெரும்பகுதி அப்படியே தங்கும். அதைத் தொழிலாக்கிய கரோட்டினோ நிறுவனம் இருப்பதும் இதே பாசிர் கூடாங்கில்தான். சூப்பர்மார்க்கெட்டில் ஆலிவ் எண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், விலையும் அந்தப் பக்கம்தான். பாட்டி தொட்டுக் கழுவிய நிறம், வாடை மட்டும் இல்லாமல்.

பெங்கெராங் வளாகத்தில் இப்போது பெட்ரோனாஸ், இத்தாலியின் எனிலைவ், ஜப்பானின் யூக்ளினா மூன்றும் சேர்ந்து ஒரு உயிரி எரிபொருள் ஆலை கட்டுகின்றன. 2024-இல் முடிவெடுத்தார்கள், 2028-இல் ஓட வேண்டும். பயன்படுத்திய சமையல் எண்ணெயும் தாவர எண்ணெய்க் கழிவுகளும் உள்ளே போய் விமான எரிபொருளும் டீசலும் வெளியே வரும். நண்பன் இப்போது என்னிடம் வெளுப்பு மண்ணைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருக்கிறான். விமானத்துக்கு எண்ணெயின் நிறம் பொருட்டில்லை. ஆனால் பாஸ்பரசும் குளோரினும் உலோகமும் உள்ளே போனால் அவர்களின் வினையூக்கி செத்துவிடும். அதனால் அங்கேயும் முதல் படி அமிலம், இரண்டாம் படி மண்.